எஞ்சிய பார்வை

மட்டாஞ்சேரி யூதத் தெருவின் கோடியில், பரதேசி யூத ஆலயத்தை ஒட்டி மணிக்கூண்டு ஒன்று நிற்கிறது. எசெக்கியேல் ரஹாபி என்னும் யூதப் பெருவணிகர் 1760 ஆம் ஆண்டில் எழுப்பியது அது. ஒரு முகத்தில் ரோம எண்களும், ஒரு முகத்தில் எபிரேய எண்களும், இன்னொரு முகத்தில் மலையாள எண்களும் கொண்டு, பல மொழியாரும் கூடி வாழ்ந்த ஊருக்குப் பொதுவாய் நேரம் காட்ட எழுந்த கூண்டு. பிழைப்பைத் தேடித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த என் தந்தையார், மிளகுக் கிடங்கு ஒன்றில் கணக்கெழுதிய நாற்பது ஆண்டுகளும் அம்மணிக்கூண்டை அண்ணாந்து பார்த்தபடியே போய் வந்தவர். ஓய்வு பெற்ற பின்னரும் மாலை நடைக்கு அத்தெருவையே தேர்ந்துகொண்டார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை, வழக்கம்போல் தலை நிமிர்ந்தவர் சற்றுத் தயங்கி நின்று, "முள்ளைக் கழற்றிவிட்டார்களா?" என்று என்னைக் கேட்டார். நான் நோக்கினேன். முட்கள் இருந்த இடத்தில் இருந்தன. அவருக்கோ சுற்றிலும் இருந்த எண்கள் மட்டுமே தெரிந்தன. நடுவிடம் சாம்பல் பூத்தாற்போல் மறைந்திருந்தது.

பின்னர் விசாரித்தபோதுதான், சில மாதங்களாகவே பேரேட்டுக் கோடுகள் வளைந்து வளைந்து தெரிந்தன என்பதையும், அது தாளின் குறை என்று தாம் எண்ணியிருந்ததையும் அவர் கூறினார். கோடுகள் வளைந்து தோன்றுவது இந்நோயின் முதல் அடையாளங்களுள் ஒன்று. சுவிட்சர்லாந்து நாட்டுக் கண் மருத்துவர் மார்க் ஆம்ஸ்லர் வகுத்த கட்டத்தாளைக் கொண்டு வீட்டிலேயே அதைச் சோதித்துக்கொள்ளலாம் என்பதும், ஒவ்வொரு கண்ணையும் தனித்தனியே மூடிப் பார்க்க வேண்டும் என்பதும் அன்று எங்களுக்குத் தெரியாது.

மருத்துவர் ஒருவரிடம் அழைத்துச் சென்றோம். விழித்திரையின் நடுவில் மாக்குலா என்று ஒரு சிறு பகுதி உண்டு. எழுத்தைப் படிப்பதும், முகத்தை இனங்காண்பதும், ஊசியில் நூல் கோப்பதும் அதன் வேலை. முதுமையில் அது சிதைவதுண்டு. ஈர வகை, வறண்ட வகை என அச்சிதைவு இருவகைப்படும். ஈர வகைக்குக் கண்ணுள் இடும் ஊசி மருந்து உண்டு. அதனைக் காலம் தாழ்த்தாது தொடங்க வேண்டும். தந்தையாருக்கு வந்ததோ வறண்ட வகை. இரு கண்களிலும் முற்றிய நிலை. "வயதின் விளைவு. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி மருத்துவர் எங்களை அனுப்பிவிட்டார். அவர் சொன்னது பொய்யன்று. இழந்த பகுதியை மீட்டுத் தர அவரிடம் மருந்து இல்லை. ஆனால் அந்த ஒரு வாக்கியத்தை நாங்கள் எடுத்துக்கொண்ட விதந்தான் தவறாய்ப் போயிற்று.

வீடு திரும்பிய நாள் முதலாக அப்பாவை நாங்கள் பேணத் தொடங்கினோம். நாளிதழை அவர் கையில் கொடுக்கவில்லை. கண்ணுக்குச் சிரமம் என்றோம். அவருடைய கணக்குக் குறிப்பேட்டை நான் எழுதினேன். முகமழிக்க ஆள் வைத்தோம். உணவைப் பிசைந்து கிண்ணத்தில் இட்டுக் கையில் தந்தாள் என் மனைவி. படியிறங்க விடவில்லை. மாலை நடையும் நின்றது. "இருக்கும் பார்வையையாவது செலவழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், அப்பா" என்று நான் சொன்னது இன்றும் செவியில் ஒலிக்கிறது. பார்வை என்ன, பானையில் வைத்த அரிசியா, எடுக்க எடுக்கக் குறைவதற்கு?

ஆறு மாதத்தில் அவர் சாய்வு நாற்காலியும் தாமுமாய் ஆகிவிட்டார். பேச்சுக் குறைந்தது. நோய் பறித்தது ஒரு பங்கென்றால், எங்கள் அன்பு பறித்தது இன்னொரு பங்கு.

இவ்விழப்பில் இன்னோர் இழப்பும் கலந்திருந்தது. இம்மலரைப் படிக்கும் அன்பர்களுக்கு அதை விளக்கத் தேவையில்லை. என் மகள் பள்ளியில் படிப்பது மலையாளமும் ஆங்கிலமும் இந்தியும். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டி அரைகுறையாய்ப் படிப்பாள், எழுத வராது. தமிழ்ப் புத்தகத்தைத் திறந்து வாய்விட்டுப் படித்துக் காட்டும் ஒரே குரல் தாத்தாவுடையது. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராய் வந்த பொன்னியின் செல்வனை வாரந்தோறும் கிழித்துச் சேர்த்துக் கட்டடம் செய்த தொகுதிகளைத் தம் தந்தையாரிடமிருந்து பெற்று ஊரிலிருந்து கொண்டுவந்திருந்தார் அவர். இரவு உணவுக்குப் பின் பேத்திக்கு ஓர் அத்தியாயம் என்பது நியதி. இரண்டாம் பாகத்தின் நடுவில் அது நின்றுபோயிற்று. எண்ணையும் எழுத்தையும் கண்ணோடு ஒப்பிட்டுப் பேசும் மரபு நம்முடையது. எண்ணால் பிழைத்து எழுத்தால் மகிழ்ந்த அம்மனிதருக்கு இரண்டும் ஒருங்கே அற்றுப்போயின. எங்கள் வீட்டில் தமிழ் ஒலித்த ஒரு நாழிகையும் அவற்றோடு போயிற்று.

வழி காட்டியவர் பெரிய படிப்பாளி அல்லர். ஃபோர்ட் கொச்சி வெளிப் பகுதியில் தலைமுறை தலைமுறையாகச் சலவைத் தொழில் செய்துவரும் தமிழ்க் குடும்பங்கள் உள்ளன என்பதை நம்மவர் அறிவர். எங்கள் துணிகளைத் தேய்த்துக் கொண்டுவரும் அம்மையார் ஒருநாள் தந்தையாரின் நிலையைக் கண்டு, "எம் பேரனுக்கும் பிறவியிலேயே பார்வை மட்டுந்தான் ஐயா. எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியிலே ஒரு சின்னக் குழல் கொடுத்திருக்காங்க. அதை வச்சுக் கரும்பலகையைப் படிக்கிறான். நீங்க ஏன் பெரியவரைக் கூட்டிட்டுப் போகல்லே?" என்றார். 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரமா' என்ற பழமொழிதான் என் நாவில் வந்தது. நல்லவேளை, அதை நான் சொல்லவில்லை.

ஒரு காலைப்பொழுதில் ஃபோர்ட் கொச்சித் துறையிலிருந்து படகேறினோம். காயல் நீரில் பட்டுத் தெறித்த வெயில் தாங்காது அப்பா இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். மருத்துவமனையில் குறைபார்வைப் பிரிவு என்று தனியே ஓர் அறை இருந்தது. அங்கிருந்தவர் ஓர் இளம்பெண். பார்வை அளவீட்டில் பட்டம் பெற்று, அதன்பின் குறைபார்வையாளருக்குப் பயிற்சி அளிப்பதைத் தனித்துறையாய்க் கற்றவர். மருத்துவர் செய்ய வேண்டியது ஏதேனும் பாக்கி உண்டா, கண்புரை உண்டா, கண்ணாடி சரியா என்பதை முதலில் உறுதிசெய்துகொண்டார். பிறகு அவர் கேட்ட முதற் கேள்வி எங்களை வியப்பில் ஆழ்த்திற்று.

"முத்தச்சா, உங்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஆசை? மூன்று காரியம் சொல்லுங்கள்" என்று மலையாளமும் தமிழும் கலந்து கேட்டார்.

அதுவரை எல்லோரும் 'என்ன தெரியவில்லை' என்றே கேட்டிருந்தோம். அப்பா நெடுநேரம் பேசாதிருந்தார். பின், "பேத்தி முகம் பார்க்கணும். வங்கியில் என் கையெழுத்தை நானே போடணும். புத்தகம் படிக்கணும்" என்றார்.

அந்த அம்மையார் அவற்றை அப்படியே எழுதிக்கொண்டார். மருத்துவச் சீட்டில் நோயாளியின் ஆசைக்கு இடம் இருப்பதை அன்றுதான் கண்டேன்.

பார்வையை அளந்ததும் ஒரு புதுமை. ஆஸ்திரேலியாவில் பெய்லி, லவ்வி என்னும் இருவர் 1976 இல் வகுத்த அட்டை. வரிக்கு ஐந்தெழுத்தாய்ச் சீராகச் சிறுத்துக்கொண்டே போவது. வழக்கமான அட்டையில் முதல் எழுத்தே தெரியவில்லையென்றால் 'இல்லை' என்று எழுதிவிடுவார்கள். இங்கே அட்டையையே அருகில் நகர்த்தி, எந்த வரி வரை வருகிறது என்று பொறுமையாய்க் கண்டார்கள். தந்தையாருக்கு 6/60 இருந்தது. அதாவது நலமான கண் 60 மீட்டர் தொலைவிலிருந்து காணும் எழுத்தை அவர் 6 மீட்டருக்கு வந்து காண்பார். "இது பூஜ்யம் அல்ல" என்றார் அவர். கணக்கெழுதி வாழ்ந்தவருக்குப் பூஜ்யத்துக்கும் பின்னத்துக்கும் உள்ள வேற்றுமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அடுத்து ஒரு பெரிய தாளில் கடிகார முகம் ஒன்றை வரைந்து, நடுவில் 'அ' என்று எழுதி எதிரே மாட்டினார். "நடுவைப் பார்க்க வேண்டா. ஒன்றாம் எண்ணைப் பாருங்கள், இரண்டைப் பாருங்கள். எதைப் பார்க்கும்போது நடுவிலுள்ள எழுத்துத் தெளிகிறது என்று சொல்லுங்கள்" என்றார். சிதைந்தது விழித்திரையின் நடுவிடம் மட்டுமே. அதைச் சூழ்ந்த பகுதி நலமாயிருக்கிறது. ஆகவே கண்ணைச் சற்று விலக்கி நோக்கினால் காண வேண்டிய உரு நல்ல பகுதியில் வந்து விழும். அவ்விடத்தைக் கண்டுபிடித்துப் பழக்குவதே பயிற்சியின் உயிர்நாடி. பன்னிரண்டாம் எண்ணை நோக்கியபோது தந்தையார், "வருது, வருது" என்றார். பிறகு அவர் விழியைச் சற்று உயர்த்தி என் நெற்றிக்கு மேலே நோக்கினார். ஆறு மாதங்களுக்குப் பின், "மெலிஞ்சு போயிட்டியே" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பின்னும் ஒன்று கேட்டார் அந்த அம்மையார்: "இல்லாத உருவங்கள் ஏதேனும் கண்ணுக்குத் தெரிவதுண்டா? பயப்பட வேண்டா." அப்பா என்னையும் அவரையும் மாறி மாறி நோக்கிவிட்டு, தாழ்ந்த குரலில், சுவரெல்லாம் பூக்கோலம் படர்வதையும், தலைப்பாகை கட்டிய சிலர் கூடத்தில் ஒன்றும் பேசாமல் நிற்பதையும் கூறினார். புத்தி பேதலித்தது என்று எண்ணிவிடுவோமோ என்று அஞ்சி எங்களிடம் மறைத்திருக்கிறார். பார்வை குறைந்தவர் பலருக்கும் இது நேர்வதுண்டாம். கண்ணிலிருந்து செய்தி வராதபோது மூளை தானே படம் வரைந்துகொள்கிறது, அறிவில் பழுதில்லை. சார்ல்ஸ் பொன்னே என்னும் ஜெனீவா அறிஞர் தம் பாட்டனாருக்கு நேர்ந்ததை எழுதிவைத்தமையால் அவர் பெயராலேயே இது வழங்குகிறது. அவர் எழுதிய ஆண்டும், நம் மட்டாஞ்சேரி மணிக்கூண்டு எழுந்த அதே 1760. இத்தனை காலமாய் உலகம் அறிந்த ஒன்றை அஞ்சி ஒரு முதியவர் தனியே சுமந்திருக்கிறார். கேட்பதற்கு ஆள் இல்லாததே காரணம்.

கருவிகள் பின்னரே வந்தன. பூதக்கண்ணாடி என்று நாம் பொதுவாய்ச் சொல்வதில் எத்தனையோ வகை. கையில் பிடிப்பது, தாளின்மீது நிறுத்துவது, மூக்குக்கண்ணாடியிலேயே பொருத்தியது, தொலைவிலுள்ளதைக் காணச் சிறு தொலைநோக்கிக் குழல், எழுத்தைத் திரையில் பன்மடங்கு பெரிதாக்கும் மின்கருவி எனப் பலவுண்டு. யாருக்கு எது, எத்தனை வலிமை என்பதற்கு முறையான கணக்கு இருக்கிறது. வில்லையின் வலிமையை டயாப்டர் என்பர். 100 ஐ அவ்வெண்ணால் வகுத்தால், தாளைப் பிடிக்க வேண்டிய தொலைவு சென்டிமீட்டரில் கிடைக்கும். 20 டயாப்டர் என்றால் 5 சென்டிமீட்டர். விளக்கின் கணக்கு இன்னும் சுவையானது. ஒரு மீட்டரில் உள்ள விளக்கை அரை மீட்டருக்குக் கொண்டுவந்தால் வெளிச்சம் இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. இவற்றை அப்பா வீட்டிற்கு வந்தும் மனக்கணக்காய்ப் போட்டுக்கொண்டிருந்தார்.

செலவில்லாத கருவிகளே அதிகம். கறுப்பு அட்டையில் ஒரு வரி அளவுக்கு வெட்டிய சாளரம். அதைத் தாளின்மேல் வைத்தால் அக்கம்பக்கத்து வரிகளின் வெண்மை கூசாது. கையெழுத்திடவும் அப்படியே ஒன்று. வெயிலுக்கு விளிம்புத் தொப்பியும் பழுப்பு நிறக் கண்ணாடியும். படியின் ஓரத்தில் மஞ்சள் பட்டை. சோற்றுக்கு எவர்சில்வர் தட்டுக்குப் பதிலாகக் கருநிறத் தட்டு. இதைச் சொன்னபோது அப்பா சிரித்தார். "மிளகை வெள்ளைத் துணியில் கொட்டித்தானே கல் பொறுக்குவோம்? இது தெரியாமலா நாற்பது வருஷம் இருந்தேன்!" என்றார்.

பார்வையைச் செலவழிக்காமல் வைத்திருக்கச் சொன்னேனே, அப்பிழையை அந்த அம்மையாரிடம் ஒப்புக்கொண்டேன். அது என் ஒருவனுடைய பிழையன்று என்று பின்னர்ப் படித்தறிந்தேன். 1908 இல் இலண்டனில் பார்வை குன்றிய பிள்ளைகளுக்கெனத் தனிப்பள்ளி தொடங்கியபோது, கண்ணை உழைக்க விடாமல் காப்பதே நோக்கமாயிருந்தது. அக்கொள்கை நெடுங்காலம் மேலைநாடுகளில் ஆட்சி செய்தது. சிறிது பார்வையுள்ள பிள்ளைகளும் பார்வையற்றோர் பள்ளிகளில் விரலால் படிக்கவே பயின்றனர். சிலர் அப்புள்ளி எழுத்தை விரலுக்குப் பதில் கண்ணாலேயே படித்ததும் உண்டு. நடாலி பராகா என்னும் அமெரிக்க ஆசிரியை அத்தகைய பிள்ளைகளுக்குப் பார்க்கும் பயிற்சி அளித்து, அவர்கள் எஞ்சிய பார்வையை முன்னினும் திறம்படப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டதை 1964 இல் வெளியிட்டார். கண்ணின் அளவு மாறவில்லை. காணும் திறன் வளர்ந்தது. பயன்படுத்துவதால் பார்வை தேய்வதில்லை என்பது அதன்பின்பே பரவலாய் ஏற்கப்பட்டது.

நம் நாட்டிலும் இதற்கு வழிகள் உள்ளன. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976 இல் மதுரையில் பதினொரு படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, டாக்டர் எஸ். எஸ். பத்ரிநாத் 1978 இல் சென்னையில் நிறுவிய சங்கர நேத்ராலயா, 1987 இல் ஐதராபாத்தில் எழுந்த எல். வி. பிரசாத் கண் நிலையம் ஆகியவற்றில் குறைபார்வைக்கென்றே பிரிவுகள் இயங்குகின்றன. 2016 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் தான் ஏற்ற 21 வகைக் குறைபாடுகளுள் குறைபார்வையையும் தனியே வைத்து, நல்ல கண்ணில் கண்ணாடி அணிந்தும் பார்வை 6/18 ஐத் தாண்டாத நிலையிலிருந்து அதற்கு வரம்பு வகுத்திருக்கிறது. முதியோருக்கு மட்டும் உரியதன்று இது. நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் நம்மவர் குடும்பங்களில் மாலைக்கண்ணாய்த் தொடங்கிக் குழல்வழி நோக்குவதுபோல் பார்வை சுருங்கும் பரம்பரை விழித்திரை நோய் தோன்றும் வாய்ப்பு மிகுதி. 'மந்தம்' என்று பின் வரிசைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகளுள் சிலர் உண்மையில் கரும்பலகை தெரியாத பிள்ளைகளாக இருக்கலாம்.

அன்று மாலை திரும்புகையில் யூதத் தெரு வழியே போகலாம் என்றார் அப்பா. மணிக்கூண்டின் கீழ் நின்று, உச்சிக்கும் மேலே வானத்தை நோக்கினார். "முள் இருக்கு" என்றார். அவ்வளவுதான்.

இதன்பின் எல்லாம் இனிதே முடிந்தது என்று எழுதினால் அது கதையாகிவிடும். வாங்கிவந்த விளக்குள்ள நிறுத்து வில்லை முதல் மூன்று வாரம் மேசையறையில் உறங்கிற்று. ஒருமுறைக்கு மூன்று நான்கு எழுத்தே அதில் அடங்கும். வரி முடிந்து அடுத்த வரியைத் தேடுவதற்குள் முன் வரி மறந்துபோகும். பத்து நிமிடத்தில் தலை வலிக்கும். "புத்தகத்தை முகர்ந்து பார்க்கவா இத்தனை பாடு?" என்று சலித்துக்கொண்டார். அந்த அம்மையார் தாமே தொலைபேசியில் அழைத்து, நாளுக்குப் பத்தே நிமிடம், அதுவும் தலைப்புகள் மட்டும் போதும் என்றார். தலைப்பு ஒரு பத்தியாயிற்று. அதற்கு இரண்டு மாதம் ஆயிற்று.

பொன்னியின் செல்வன் மட்டும் வசப்படவில்லை. பழுத்துச் சிவந்த தாள், மங்கிய மை. வில்லை பெரிதாக்கியது எழுத்தோடு மங்கலையுந்தான். அப்போது என் மகள், தடித்த கறுப்பு மார்க்கர் பேனாவை எடுத்து, வெள்ளைத்தாளில் தாத்தாவுக்கென்று அவ்வத்தியாயத்தைப் பெரிய எழுத்தில் படியெடுக்கத் தொடங்கினாள். எழுத வராத பிள்ளை! முதல் நாள் ஒரு பக்கத்துக்கு நான்கு வரி. அதில் ஒன்பது பிழை. தாத்தா கண்ணை உயர்த்தி, தாளை முகத்தருகே பிடித்துப் படித்துவிட்டு, "இது வல்லின றகரம், அம்மா. கொம்பு எங்கே?" என்று திருத்துவார். அவள் மீண்டும் எழுதுவாள். தம் கண்ணுக்காகத் தொடங்கிய வேலை பேத்தியின் தமிழுக்காக நடக்கிறது என்பதை அவர் அறிந்தே இருந்தார் என்று நினைக்கிறேன். பிழை குறைந்த நாட்களில் அவர் முகத்தில் சற்று ஏமாற்றங்கூடத் தெரியும்.

அப்பாவின் பார்வை வளரவில்லை. இனி வளரப்போவதும் இல்லை. நாளை இன்னும் குறையலாம். ஆயினும் வங்கியில் தம் கையெழுத்தைத் தாமே இடுகிறார். சோற்றைத் தாமே பிசைந்து உண்கிறார். மாலையில் கைத்தடியோடு யூதத் தெருவுக்குப் போகிறார். நான் பத்தடி பின்னால் நடக்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன். உதவுவதற்காக முன்னே ஓடாமல் பின்னே நடப்பது எனக்கு வேண்டியிருந்த பயிற்சி.

மண்ணை விட்டு வந்த நம் வீடுகளிலும் மொழி இன்று குறைபார்வையாய்த்தான் இருக்கிறது. போனது போயிற்று என்று, எஞ்சியதைக் கண்ணாடிப் பேழையில் வைத்து ஆண்டுக்கொரு விழாவில் மட்டும் எடுத்துப் பார்க்கிறோம். தாளை முகத்தருகே பிடித்துப் பேத்தியின் றகரத்தைத் திருத்தும் அம்முதியவரைக் காணும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது ஒன்றே: எஞ்சியது எதுவாயினும் அதை நாள்தோறும் பயன்படுத்த வேண்டும்; அதற்குப் பத்து நிமிடம் போதும். இரண்டாம் பாகத்தில் இன்னும் பதினேழு அத்தியாயங்கள் இருக்கின்றன. ஒரு கட்டு வெள்ளைத்தாளும் இரண்டு மார்க்கர் பேனாக்களும் நேற்றுத்தான் வாங்கி வைத்தேன்.